மூன்று நிற ஏரியும் முழுக்கைச் சட்டையும்

புதன்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, புதுக்கோட்டை கீழ ராஜவீதியில் பாத்திரக் கடைக்கு மேலே இருந்த ‘அன்புமொழி துப்பறியும் நிலைய’த்தின் வாசலில் யாரோ செருப்பைக் கழற்றிவிடும் சத்தம் கேட்டது. பெலிக்ஸ் தின்றுகொண்டிருந்த இட்லிப் பொட்டலத்தை அவசரமாக மடித்து மேஜை டிராயருக்குள் தள்ளினான்.

அந்த நிலையத்துக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மாப்பிள்ளை விசாரிக்க வருகிறவர்கள். பையன் குடிப்பானா, துபாயில் பார்ப்பதாகச் சொல்லும் வேலையைத் துபாயில்தான் பார்க்கிறானா, தலையில் இருப்பது சொந்த முடியா என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் பிழைப்பு. செருப்பைக் கழற்றிவிட்டு வந்தால் பெண்ணின் அம்மா, செருப்போடு வந்தால் அப்பா. ஏழு வருடம் உதவியாளனாகக் குப்பை கொட்டியதில் பெலிக்ஸ் கண்டுபிடித்த ஒரே பெரிய உண்மை அது. அதுவும் அன்றைக்குக் கவிழ்ந்துவிட்டது.

உள்ளே வந்த அம்மாளுக்கு ஐம்பத்தெட்டு வயதிருக்கும். ஒரு கையில் ஹெல்மெட், இன்னொரு கையில் ஸ்கூட்டி சாவி. இலுப்பூரிலிருந்து வெயிலில் ஓட்டிக்கொண்டு வந்த களைப்பு முகத்தில் இருந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக இருந்தது.

“உக்காருங்கம்மா. மாப்பிள்ளை எந்த ஊருங்க?” என்றான் பெலிக்ஸ்.

“இலுப்பூருதான். கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருசமாச்சு. இப்பத்தான் விசாரிக்கணும்னு தோணுது.”

உள் அறையிலிருந்து அன்புமொழி எழுந்து வந்தாள். நாற்பத்தேழு வயது; இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கேஸ்களைப் பிடித்துக்கொண்டிருந்தவள்; பிடித்தது போதாதென்று தனியாகக் கடை போட்டவள். வந்தவளுக்குத் தண்ணீர்ச் சொம்பை நீட்டிவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

வந்தவள் பெயர் மூக்காயி. கணவர் குழந்தைசாமி, ஓய்வுபெற்ற புவியியல் வாத்தியார். முப்பத்துமூன்று வருடம் ஒன்பதாம் வகுப்புக்கு எரிமலைவாய் ஏரி நடத்தியவர். எரிமலை வெடித்து ஓய்ந்தபின் அதன் வாய்க்குள் மழைத் தண்ணீர் தேங்கி ஏரியாக நிற்கும் என்று கலர் சாக்பீஸில் படம் போட்டு விளக்குவார். ஓய்வு பெற்ற மறுநாளே, அப்படி ஒரு ஏரியை நேரில் பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தார். இந்தோனேசியாவில் புளோரஸ் என்று ஒரு தீவு. அதில் கெலிமுத்து தேசியப் பூங்கா. மலை உச்சியில் ஒன்றல்ல, மூன்று ஏரிகள். மூன்றும் மூன்று நிறம். நிறமும் அவ்வப்போது மாறும்.

“கெலிமுத்துன்னா நம்ம பக்கத்து ஆளு பேரு மாதிரியில்ல இருக்கு” என்றான் பெலிக்ஸ். சும்மா இருந்து பழக்கமில்லை அவனுக்கு.

“எங்க தெருவுல பாதிப் பேரு அது என் கொழுந்தன் பேருன்னுதான் நெனைச்சுக்கிட்டு இருக்காக. ரெண்டு வருசமா வீட்டுல வேற பேச்சே இல்லை. பதினோரு நோட்டு எழுதியிருக்காக, போறதுக்குத் திட்டம். வர்ற வெள்ளிக்கெழமை காலைல திருச்சியில பிளைட்டு. எனக்கும் அவுகளுக்கும் டிக்கெட் போட்டாச்சு. சிங்கப்பூருல எங்க மக காவ்யாவும் ஏறிக்குவா. இப்ப அவுக பாஸ்போர்ட்டக் காணோம்.”

இரண்டு பாஸ்போர்ட்டும் பீரோவில் ஒரே கவரில் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால் அவளுடையது இருக்கிறது, அவருடையது இல்லை. வீட்டில் இருப்பது இரண்டே பேர். வாத்தியார் கணக்குப் போட்டு விடை சொல்லிவிட்டார்.

“நான்தான் எடுத்து ஒளிச்சிட்டேங்குறாக. போகப் பிடிக்காம செஞ்சுட்டேனாம். வீட்டுக்குள்ள சொன்னாப் பரவால்ல. நெடுங்கரைப்பட்டிக்குப் போயி, அது அவுக சொந்த ஊரு, அங்க மாரியம்மன் திருவிழாக் கூட்டத்துல வச்சு சொல்லிட்டாக. ரேஷன் கடையில நின்னா பொம்பளைக சிரிக்கிறாக.” மூக்காயி ஹெல்மெட்டை மேஜையில் ‘டொக்’கென்று வைத்தாள். “பாஸ்போர்ட் கெடைச்சா நல்லது. கெடைக்காட்டிப் போகுது. நான் திருடி இல்லன்னு அந்த ஊருக்குத் தெரியணும். பிளைட்டு ஏறுறதுக்கு முந்தித் தெரியணும்.”

“போலீஸ்ல எழுதிக் குடுத்தீங்களா அக்கா?” என்றாள் அன்புமொழி.

“வேணாம்னுட்டாக. குடும்ப மானம் போயிருமாம். ஊரு பூராம் என்னையத் திருடின்னு சொல்றதுல போகாத மானம், போலீஸ்ல சொன்னாத்தான் போகுமாம்.”

அன்புமொழி தலையாட்டினாள். அடுத்து என்ன கேட்கப் போகிறாள் என்று பெலிக்ஸுக்குத் தெரியும். ஊரில் உலகத்தில் துப்பறிகிறவர்கள் கைரேகை தேடுவார்கள். இவள் குழம்பைத்தான் விசாரிப்பாள்.

“ஞாயித்துக்கெழமை என்ன சமையல்?”

“ஆட்டுக்கறி. அவுக தொடல. கோவமாம். தயிரு ஊத்திச் சாப்புட்டாக.”

“திங்கக்கெழமை?”

“முட்டைக் கொழம்பு. அதையும் தொடல. நேத்துக் கருவாடு வறுத்தேன். கருவாடுன்னா அவுகளுக்கு உசுரு. எந்திரிச்சு வாசல்ல போயி உக்காந்துக்கிட்டாக.”

“ராத்திரி?”

“ராத்திரி வீட்டுல இருக்குறதே இல்ல. என் மூஞ்சியப் பாக்கப் பிடிக்கலையாம். ஞாயித்துக்கெழமையிலருந்து சாயங்காலம் அஞ்சரை பஸ்ஸப் பிடிச்சு நெடுங்கரைப்பட்டிக்குப் போயிருவாக, அவுக தம்பி வீட்டுக்கு. காலைல ஏழு மணிக்குக் காபிக்கு வந்துருவாக.”

“கோவிச்சுக்கிட்டுப் போறதுலகூட டைம்டேபிளா?” என்றான் பெலிக்ஸ்.

“வாத்தியாருல்ல” என்றாள் மூக்காயி.

இலுப்பூர் கடைவீதியில் சரவணக்குமார் ஒரு கடை வைத்திருந்தான். ஜெராக்ஸ், பான் கார்டு, பஸ் டிக்கெட், ஆறுபடைவீடு சுற்றுலா. முதல் தடவையாக வெளிநாட்டுக்கு, இந்தக் கெலிமுத்துக்குத்தான், ஆள் கூட்டிப் போகிறான், பதினோரு பேர். குழந்தைசாமியின் பழைய மாணவன். பெலிக்ஸ் அவனைப் பார்த்ததுமே முடிவு கட்டிவிட்டான். பார்த்த மாத்திரத்தில் முடிவு கட்டுவது பெலிக்ஸுக்கு வழக்கம், அது தப்பாகப் போவதும் வழக்கம்.

“சார் பாஸ்போர்ட் இங்கிட்டு எங்கயாச்சும் ஜெராக்ஸ் மிஷினுக்குள்ள மாட்டிக்கிச்சாண்ணே?”

சரவணக்குமார் அழாத குறை. “நீங்க வேறங்க. சார் வரலைன்னா டூர்ல உசுரே இல்லை. பாதிப் பேரு சாரோட பேச்சுக்காகத்தான் சேர்ந்தாங்க. சனிக்கெழமை சாயந்தரம் எல்லாரையும் கூப்புட்டு இங்கதான் மீட்டிங் போட்டேன். ரெண்டு மணி நேரம் சார் பேசுனாரு. போர்டுல மூணு ஏரியும் வரைஞ்சாரு. தண்ணிக்கு அடியில இருந்து வர்ற வாயு எப்படி நெறத்த மாத்துதுன்னு சொன்னாரு. அந்த ஊருக்காரங்க நம்பிக்கை, செத்தவங்க ஆத்மா அந்த ஏரியிலதான் போய்ச் சேருமாம். வயசானவங்களுக்கு ஒண்ணு, எளசுகளுக்கு ஒண்ணு, கெட்டவங்களுக்கு ஒண்ணு. ஈ ஆடலைங்க கடையில.”

“அப்பறம்?” என்றாள் அன்புமொழி.

“கடைசியா, அரிமளத்துலேர்ந்து வந்த ஒரு அம்மா எந்திரிச்சாங்க. எழுபது வயசிருக்கும். ‘சார் இவ்வளவு சொல்றீங்களே, நீங்க எத்தனை தடவை போயிருக்கீங்க’ன்னு கேட்டாங்க.”

“சார் என்ன சொன்னாரு?”

“சாக்பீஸ வச்சுட்டுத் தண்ணி குடிச்சாரு. ஒண்ணும் சொல்லல.” சரவணக்குமார் குரலைத் தாழ்த்தினான். “ஒன்பதாவது படிக்கிறப்ப நானும் இதே கேள்வியக் கேட்டேங்க. முட்டி போட வச்சாரு. அந்தம்மாவ முட்டி போடச் சொல்ல முடியுமா?”

“பிளைட்டுல போய்ப் பழக்கம் உண்டா சாருக்கு?”

“எங்க? அம்மாதான் ரெண்டு தடவை சிங்கப்பூர் போயி ஆறு ஆறு மாசம் இருந்துட்டு வந்தாங்க, காவ்யாவுக்குப் பிரசவம் பாக்க. ரெண்டு தடவையும் தன்னந்தனியா. சார் ஏர்போர்ட் வாசல் வரைக்கும் போயிருக்காரு.”

வெளியே வந்ததும் பெலிக்ஸ் பைக்கை உதைத்தான். “மேடம், இந்தாளு மேல எனக்கு இன்னும் சந்தேகம் போகல.”

“முட்டி போட வச்சதுக்குப் பழி வாங்குறவன் இருபத்தஞ்சு வருசம் காத்திருக்க மாட்டான், பெலிக்ஸ். சாப்பாட்டு நேரமாச்சு. போவோம்.”

மூக்காயி வீட்டில் விரால்மீன் குழம்பு. பெலிக்ஸ் அந்தக் கணமே அவள் குற்றமற்றவள் என்று மனதுக்குள் தீர்ப்பு எழுதினான். வாத்தியார் குழந்தைசாமி கூடத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். உயரமான, ஒல்லியான மனிதர். சித்திரை வெயில் மொட்டை மாடியைப் பிளந்துகொண்டிருக்க, அவர் வெள்ளை முழுக்கைச் சட்டை போட்டு மணிக்கட்டுப் பொத்தான்களையும் பூட்டியிருந்தார். கழுத்தில் வேர்வை வழிந்தது. மடியில் ஒரு நோட்டு. காணாமல்போன பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு போகவேண்டிய பயணத்துக்கு அவர் அப்போதும் அடிக்கோல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

“துப்பறியவா? வீட்டுக்குள்ள இருக்குற திருட்டுக்கு வெளியாள் எதுக்கும்மா?” என்றார்.

“பாத்துட்டுப் போறோம் சார். நோட்டெல்லாம் பாக்கலாமா?”

அதைக் கேட்டதும் மனிதர் கொஞ்சம் இளகிவிட்டார். அலமாரியில் பத்து நோட்டுகள் வரிசையாக நின்றன. எல்லாவற்றுக்கும் பிரவுன் பேப்பர் அட்டை, மூலையில் லேபிள்: ‘கெலிமுத்து – தொகுதி 1’, ‘தொகுதி 2’. அட்டைகள் பழுப்பேறி, ஓரம் நைந்திருந்தன. பெலிக்ஸ் நாலாவதைப் புரட்டினான். ‘அதிகாலை 3.40 – எழுந்திருத்தல். 3.45 – பல் துலக்கல். 3.52 – மூக்காயியை எழுப்புதல். 3.53 – மீண்டும் எழுப்புதல்.’ அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போனான். கந்தக வாடை வந்தால் எந்தப் பக்கம் திரும்பி மூச்சு விடுவது என்பதற்கே ஒன்றரைப் பக்கம் இருந்தது.

“பதினொண்ணாவது?” என்றாள் அன்புமொழி.

வாத்தியார் மடியிலிருந்த நோட்டைத் தூக்கிக் காட்டினார். காட்டினார், அவ்வளவுதான், கையைவிட்டுக் கொடுக்கவில்லை. அதன் அட்டை மட்டும் புத்தம் புதுசாக மொடமொடவென்று இருந்தது.

“சார், ஒரு சந்தேகம். செத்தவங்க ஆத்மாவுக்கு மூணு ஏரிங்குறாங்களே, புருஷன்மாருக்கு எந்த ஏரி?” என்று கேட்டான் பெலிக்ஸ்.

“அத நான் போய்ப் பாத்துத்தான் சொல்லணும்” என்று சமையலறையிலிருந்து மூக்காயியின் குரல் வந்தது.

சாப்பாட்டில் வாத்தியார் மீன் பக்கம் திரும்பவே இல்லை. மோரை ஊற்றிப் பிசைந்தார். பெலிக்ஸ் மூன்று துண்டு வாங்கித் தின்றதை அவர் பார்த்த பார்வை கோபக்காரன் பார்வையாக இல்லை, பட்டினி கிடக்கிறவன் பார்வையாக இருந்தது.

“கசகசன்னு இல்லையா சார்? கையையாச்சும் மடிச்சு விட்டுக்கங்க” என்றான் அவன்.

“ஒழுங்கு முக்கியம் தம்பி” என்றவர் இடது கையால் வலது மணிக்கட்டுப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மாலை ஐந்தே காலுக்கு அவர் எழுந்து மஞ்சள் பையில் நோட்டை வைத்தார்.

“இன்னைக்கு ஒரு ராத்திரி இங்கயே தங்குங்க சார். விசாரணைக்கு உதவியா இருக்கும்” என்றாள் அன்புமொழி.

“முடியாதும்மா.”

“நாளைக்குக் காலைல நேரத்துலயே...”

“தங்க முடியாதுன்னு சொல்றேன்ல.” குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. அது அவருக்கே சங்கடமாகி, “கோவத்துல இருக்கேன்” என்று காரணத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அவர் தெருமுனை திரும்பியதும் பெலிக்ஸ் குனிந்து கிசுகிசுத்தான். “மேடம், எனக்குப் பிடிபட்டுருச்சு. சாயங்காலமானாக் கெளம்பிடுறாரு. முழுக்கைச் சட்டை, அயர்ன் கலையாம. ராத்திரி தங்க மாட்டேங்குறாரு. சின்ன வீடு. வேற ஒண்ணுமில்ல.”

“சின்ன வீட்டுக்குப் போறவன் கருவாட்டை எதுக்கு விடுறான்?”

அன்புமொழி சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

“அக்கா, ஸ்கூட்டிய எடுங்க. நெடுங்கரைப்பட்டிக்குப் போறோம்” என்றாள் அன்புமொழி.

மூக்காயி அசையவில்லை. “அந்தச் சனங்க மூஞ்சியில எப்படி முழிக்கிறது? அம்புட்டுப் பேரும் என்னையத் திருடின்னு நெனைச்சுக்கிட்டு இருக்காக.”

“அதுக்குத்தான் போறோம்.”

பஸ்ஸுக்குப் பின்னால் பைக்கும், பைக்குக்குப் பின்னால் ஸ்கூட்டியுமாகப் போனார்கள். கருவேலங்காட்டுக்கு நடுவே நாலு மைல். ஊர் எல்லையில் சாலைக்குக் குறுக்கே இரண்டு கம்பம் நட்டு வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு அலறியது. பெலிக்ஸ் வேகத்தைக் குறைத்தான்.

“இந்தத் தோரணம் எதுக்கு?” என்று பின்னால் இருந்து கேட்டாள் அன்புமொழி.

“திருவிழாவுக்குக் காப்பு கட்டியாச்சுன்னு அர்த்தம்.”

“காப்பு கட்டுனவன் என்ன செய்யக் கூடாது?”

பெலிக்ஸ் பங்குக் கோயில் திருவிழாவில் கொடி பிடித்து வளர்ந்தவன். ஆனாலும் இந்த ஜில்லாவில் பிறந்து இது தெரியாமல் இருக்க முடியுமா? “கவிச்சி தொடக் கூடாது. பொழுது சாஞ்சா எல்லையத் தாண்டக் கூடாது, வெளியூருல ராத்தங்கக் கூடாது. திருவிழா முடிஞ்சு அவுக்குற வரைக்கும்...” சொல்லிக்கொண்டே வந்தவன் பிரேக்கை அழுத்திவிட்டான். வண்டி புழுதியில் இழுத்துக்கொண்டு நின்றது. “மாதா சத்தியமா இது எனக்குத் தோணல மேடம்.”

“வயித்துல மீனு இருந்துச்சுல்ல” என்றாள் அன்புமொழி.

கோயில் திடலில் ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். குழந்தைசாமி பஸ்ஸை விட்டு இறங்கி, வேப்ப மரத்தடியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மனைவியைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு ஓடியது. மூக்காயி அதைக் கேட்டும் கேட்காததுபோல ஹெல்மெட்டைக் கழற்றி வண்டியில் மாட்டினாள்.

அன்புமொழி வாத்தியாரிடம் போகவில்லை. நேரே பூசாரியிடம் போனாள்.

“சாமி, இந்த வருசம் வாத்தியாரு வீட்டுல யாரு காப்பு கட்டுனது? அவரு தம்பியா?”

பூசாரி மனிதர் வெள்ளந்தி. “அதையேன் கேக்குறீக. வீட்டுக்கு ஒரு ஆளு கட்டணும்ங்குறது ஊரு மொறை. நான் முப்பது வருசமா வாத்தியாரக் கூப்புடுறேன். ‘கயித்தக் கட்டுனா மழை பேயுமா’ன்னு கேலி பேசுவாரு. ஆத்தா மனசு வச்சா மாறாத ஆளு உண்டா? ஞாயித்துக்கெழமை நான் மஞ்சக் கயித்த எடுக்கையில மொத ஆளா வந்து கைய நீட்டுனாரு. வர்ற செவ்வாக்கெழமைதான் அவுக்கணும்.”

வெள்ளிக்கிழமை பிளைட். செவ்வாய்க்கிழமை வரை எல்லை தாண்டி ராத்தங்க முடியாது. பெலிக்ஸ் கணக்கில் சுமார்தான், ஆனாலும் இது அவனுக்கே புரிந்துவிட்டது.

மூக்காயி கணவரின் முன்னால் வந்து நின்றாள். அவர் வலது கையைப் பிடித்து, மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றி, சட்டைக் கையை முழங்கை வரை ஏற்றினாள். மஞ்சள் கயிறும் அதில் முடிந்த மஞ்சள் துண்டும் வேர்வையில் நனைந்து, சட்டையின் உள்பக்கம் எல்லாம் கறையாக இருந்தது.

“பாஸ்போர்ட் தொலைஞ்சது ஞாயித்துக்கெழமை காலைல. பதறிப் போயித் தேடவேண்டிய ஆளு, அன்னைக்குச் சாயங்காலமே பத்து நாளைக்கு எங்கயும் போக முடியாதபடி காப்பு கட்டியிருக்காரு” என்றாள் அன்புமொழி. “கெடைக்கவே கெடைக்காதுன்னு சாருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. போலீஸ் வேணாம்னு சொன்னதும் அதனாலதான். காணாமப் போகாத ஒண்ண எழுதிக் குடுத்தா வம்பு. சார், அந்தப் பதினொண்ணாவது நோட்டுக்குப் புது அட்டை எப்பப் போட்டீங்க?”

வாத்தியார் மஞ்சள் பையை இறுக்கிப் பிடித்தார். பிறகு, பிடித்து என்ன செய்வது என்று அவருக்கே தோன்றியதோ என்னமோ, விட்டுவிட்டார். பெலிக்ஸ் நோட்டை எடுத்து அட்டையை உரித்தான். அந்தக் காலத்து வாத்தியார் போட்ட அட்டை. மடிப்பு மடிப்பாக, ஒரு சுருக்கம் இல்லாமல், உரிக்க மனசு வராத மாதிரி போட்டிருந்தார். பின்னட்டை மடிப்புக்குள் கருநீலத்தில் பாஸ்போர்ட் இருந்தது. விரித்தால் ஒரு பக்கத்திலும் ஒரு முத்திரை இல்லை. பயணம் போகவேண்டிய பாஸ்போர்ட், பயணத் திட்டத்துக்குள்ளேயே மூன்று நாளாக இலுப்பூருக்கும் நெடுங்கரைப்பட்டிக்கும் போய்வந்திருக்கிறது.

“எதுக்குங்க?” என்றாள் மூக்காயி. சத்தமாகக்கூடக் கேட்கவில்லை.

குழந்தைசாமி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். “பயமா இருந்துச்சு மூக்காயி. பிளைட்டுக்குப் பயம், அது ஒரு பக்கம். முப்பத்திமூணு வருசம் அந்த ஏரிய நான் போர்டுல வரைஞ்சிருக்கேன். எத்தனை ஆயிரம் பிள்ளைக. போயிப் பாத்து, அது வெறும் குட்டையா இருந்துட்டா? நான் சொன்ன மாதிரி இல்லாமப் போயிட்டா? சனிக்கெழமை அந்தம்மா கேட்டதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்லை. நோட்டு எழுதுற வரைக்கும் சந்தோசமா இருந்துச்சு. நாளு நெருங்க நெருங்கப் போகவே மனசு வரல. ஏதாச்சும் ஒரு காரணம் வேணும்னு...”

“காரணத்துக்குக் காப்பு இருக்கே. அத மட்டும் சொல்லியிருக்கலாமுல்ல. என்னைய எதுக்குத் திருடியாக்குனீக?”

“பாஸ்போர்ட்டு ஒருவேளை கெடைச்சிட்டாலும் போக முடியாம இருக்கணும்னுதான் காப்பு கட்டுனேன். சாமிக்குப் பயந்து கட்டுனேன்னு சொன்னா இத்தனை வருசம் பேசுனதுக்கெல்லாம் சிரிப்பாங்க.” அவர் தலையைக் குனிந்துகொண்டார். “பழி போட வேற ஆளு இல்ல. வீட்டுல ரெண்டே பேருதான.”

மூக்காயிக்குக் கண் கலங்கியது; புடவைத் தலைப்பால் ஒரே துடை. பிறகு மைக் செட்காரனைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். “தம்பி, பாட்ட நிப்பாட்டு. வாத்தியாரு பேசணுமாம்.”

“மூக்காயி, இங்க வச்சா?”

“இங்க வச்சுத்தான என்னையத் திருடின்னு சொன்னீக?”

பாட்டு நின்றது. ஊரே திரும்பிப் பார்த்தது. வாத்தியார் மைக்கைப் பிடித்தார். பிடித்ததும் பழக்க தோஷம் வந்துவிட்டது.

“அன்பார்ந்த மாணவச் செல்வங்களே...” என்று ஆரம்பித்து, தடுமாறி, தொண்டையைச் செருமிக்கொண்டார். “என் பாஸ்போர்ட்ட என் மனைவி எடுக்கல. நானேதான் என் நோட்டு அட்டைக்குள்ள ஒளிச்சு வச்சேன். ஞாயித்துக்கெழமை நான் சொன்னது பொய். போறதுக்கு எனக்குப் பயம். அவ மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு எல்லாம் என்னோடது.”

நாலு கம்பத்தில் நாலு ஒலிபெருக்கி. வயக்காட்டில் மாடு ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்கும் அது கேட்டிருக்கும். முதலில் முணுமுணுத்த பெண்களில் ஒருத்தி வந்து மூக்காயியின் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, வீட்டுக்கு வந்து ஒரு வாய் காபி குடிச்சுட்டுப் போங்க” என்றாள். மூக்காயி அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. “இன்னொரு நாளைக்கு வாரேன் தாயி. பெட்டி கட்டணும்” என்றாள்.

“பெட்டியா?” என்றார் வாத்தியார்.

“வெள்ளிக்கெழமை பிளைட்டுல்ல? காப்பு கட்டுனது நீங்கதான. நான் கட்டலையே.”

“நான் இல்லாமத் தனியாவா போற?”

“ரெண்டு பிரசவத்துக்குச் சிங்கப்பூரு தனியாத்தான போனேன். அப்ப இந்தக் கேள்விய நீங்க கேக்கலையே. சிங்கப்பூருல காவ்யா ஏறிக்குவா.” அவள் பெலிக்ஸிடமிருந்து பாஸ்போர்ட்டை வாங்கிக் கணவரின் சட்டைப் பையில் வைத்தாள். “இத நீங்க பத்திரமா வச்சுக்கங்க.” நோட்டை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

ஸ்கூட்டி கிளம்பியது. வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே வேகமாக நடந்தார். அன்புமொழியும் பெலிக்ஸும் பைக்கைத் தள்ளிக்கொண்டு கூடவே போனார்கள். வேப்பிலைத் தோரணத்துக்குக் கீழே வந்ததும் அவர் கால்கள் தாமாக நின்றுவிட்டன. பொழுது சாய்ந்திருந்தது. மூக்காயி தோரணத்தைத் தாண்டிப் பத்தடி போய் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள்.

“மேல ரொம்பக் குளிரும் மூக்காயி. மஃப்ளரு...”

“நாலாவது நோட்டு, அம்பத்திரெண்டாம் பக்கம். தெரியும்.”

“கந்தக வாடை வந்துச்சுன்னா...”

“காத்து வர்ற பக்கம் திரும்பி நின்னுக்கணும். ரெண்டு வருசமா நீங்க படிக்கப் படிக்கக் கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன்.”

“எந்த ஏரி என்ன நெறம்னு தேதி போட்டு எழுதிட்டு வருவியா?”

மூக்காயி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். “நெறம் மட்டும் இல்லங்க. முப்பத்திமூணு வருசம் பிள்ளைகளுக்கு நீங்க சொல்லிக் குடுத்ததெல்லாம் சரிதானான்னு பாத்துட்டு வந்து சொல்றேன்.”

வண்டி இலுப்பூர் சாலையில் சின்னதாகிக்கொண்டே போனது. வாத்தியாருக்கு இன்னும் ஏதோ கேட்க வேண்டியிருந்தது. எல்லையைத் தாண்டாமல், காப்பு கட்டிய வலது கையை, ஒன்பதாம் வகுப்பில் சந்தேகம் கேட்கிற பையன் மாதிரி உயர்த்திக்கொண்டு அப்படியே நின்றார்.